அபர்டீன் சாலையில் ஏறியவள்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நடந்ததை, நடந்த வரிசையில் சொல்கிறேன். அன்று வண்டியில் உயிரோடு இருந்தது இரண்டு பேர். நான் ஒருத்தி, என் மாமா போனகேலே ஒருவர். மாமா இன்னும் கோஃபிம்வாபாவுக்குப் பக்கத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறார். போய்க் கேட்டால் உட்காரச் சொல்லி டீ கொடுப்பார். இதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

என் பெயர் பூமேசா. கேப் டவுனிலிருந்து எங்கள் கிழக்குப் பக்கத்து ஊர்களுக்குச் சாமான் இழுப்பது என் பிழைப்பு. ஒரு பிக்கப். அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய மூடிய டிரெய்லர். பிரிட்ஜ், பீரோ, கட்டில், யாரோ ஒருவரின் மகளுக்குச் சீர் வரிசை, எதுவானாலும் ஏற்றுவேன். டிரெய்லரின் இரண்டு பக்கமும் என் பெயரையும் போன் நம்பரையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும் பாதை அது. பல வருடமாக இழுப்பதால், பின்னால் எவ்வளவு எடை இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அது இடுப்பில் தெரியும்.

என் தம்பி வாண்டிலே கேப் டவுனில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தான். ஒரு காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தான். அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவன் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. வயது முப்பத்தொன்று. நெஞ்சு நின்றுவிட்டது என்று சொன்னார்கள்.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று இல்லை. வரவில்லை. பிணவறையில் பெயர் கேட்டார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. விரலால் அவனைக் காட்டினேன். அன்றிலிருந்து அவன் பெயரை என்னால் சொல்லவே முடியவில்லை. தொண்டைக்குள் ஏதோ கதவு சாத்திக்கொண்ட மாதிரி.

சவப்பெட்டியைத் தங்கள் வண்டியிலேயே அனுப்புகிறோம் என்று அடக்கம் செய்யும் கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சாமானை இழுத்தவள் நான். என் தம்பியை வேறு ஒருவன் இழுக்க வேண்டாம் என்று தோன்றியது.

அவனை அழைத்துப் போக மாமா ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தார். அம்மாவின் தம்பி. எங்களில் ஒரு முறை உண்டு. இறந்தவரை வீட்டுக்குக் கொண்டு போகும்போது வழியெல்லாம் அவரிடம் பேசிக்கொண்டே போக வேண்டும். இங்கே திரும்புகிறோம், இந்த ஆற்றைத் தாண்டுகிறோம், இங்கே நிற்கிறோம், இப்போது கிளம்புகிறோம் என்று. சொல்லாமல் விட்டால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். உடம்பு மட்டும் வீட்டுக்கு வரும்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினோம். மாமா டிரெய்லரின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வாண்டிலே, கெளம்பறோம்டா. உங்க அக்கா ஓட்டறா. கெட்டியாப் புடிச்சுக்கோ."

"நான் ஒழுங்காத்தான் ஓட்டுவேன் மாமா."

"அதை அவன் சொல்லட்டும்."

மலையைத் தாண்டினோம். திராட்சைத் தோட்டங்களைத் தாண்டினோம். மாமா விடாமல் பேசிக்கொண்டு வந்தார். குலப் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவார். சுரங்கப் பாதை வந்தால், "இருட்டா இருக்கும், பயப்படாத" என்பார். நடுவில் பழைய சண்டையையும் இழுப்பார். "என் கறுப்புக் காளையை நீ வித்துட்டு ஓடிப்போச்சுன்னு சொன்னதானே? எனக்குத் தெரியும்டா. இப்ப கேக்கல, சும்மா சொல்றேன்." நான் கேட்டுக்கொண்டு ஓட்டினேன். சிரிப்பும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. சாலை வந்தது. போனது.

போஃபர்ட் வெஸ்டில் நிறுத்தி டீயும் பொரித்த ரொட்டியும் சாப்பிட்டோம். மாமாவின் தொண்டை கட்டிவிட்டது. ஒரு வாரமாகத் துக்க வீட்டில் பேசிய தொண்டை. இறங்கிப் பெட்டியைப் பார்த்தேன். டிரெய்லரின் நடுவில், நான்கு பட்டைகள் போட்டு இறுக்கியிருந்தேன். ஒன்றும் அசையவில்லை. கதவைப் பூட்டினேன்.

அங்கிருந்து அபர்டீன் சாலை. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஊர் கிடையாது. இரண்டு பக்கமும் கம்பி வேலி. புதர். வெயில். மாமாவின் தலை கதவில் சாய்ந்தது.

"பாலம் வந்தா எழுப்பு."

"தூங்குங்க மாமா. நான் சொல்லிக்கறேன்."

"பேரைச் சொல்லிக் கூப்பிடணும்."

"சரி."

பதினொன்றரைக்கு அந்தப் பாலம் வந்தது. சின்னப் பாலம். கீழே ஆறு இல்லை, வெறும் மணல். பாலத்தின் பெயர்ப் பலகையில் எழுத்து வெயிலில் போய்விட்டிருந்தது. வேலியில் சில வெள்ளைச் சிலுவைகளும் பிளாஸ்டிக் பூக்களும் கட்டியிருந்தார்கள். அந்தச் சாலையில் அப்படி நிறைய இடம் உண்டு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. மறுபடி முயன்றேன். வரவில்லை.

"ஆறு வருது," என்றேன். "வா. தாண்டிப் போறோம். வீட்டுக்குப் போறோம்... வா."

பாலத்தைத் தாண்டினோம்.

சற்று தூரம் போயிருப்போம். வண்டி இழுக்கத் திணறியது. சாலை மட்டம். எதிர்க்காற்று இருக்கிறதா என்று தூரத்தில் இருந்த காற்றாலையைப் பார்த்தேன். அது அசையாமல் நின்றது. ஐந்தாவது கியரில் போன வண்டியை நான்காவதில் போட வேண்டி வந்தது.

இடுப்பில் தெரிந்தது. எடை கூடியிருந்தது. இடது பக்கம்.

பட்டை தளர்ந்து பெட்டி நகர்ந்திருக்கும் என்று நினைத்தேன். நடுக் காட்டில் நிறுத்த மனம் இல்லை. மெதுவாக ஓட்டி அபர்டீனில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். மாமா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். டிரெய்லரின் இடது டயர் அமுங்கியிருந்தது. வலது டயர் சரியாக இருந்தது.

பங்கில் இருந்தவர் வயதானவர். காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். அழுத்தம் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"காத்து குறையல தங்கச்சி. பாரம்தான்."

கதவைத் திறந்தேன். பெட்டி நடுவில்தான் இருந்தது. நான்கு பட்டையும் இறுக்கமாகவே இருந்தன.

அந்த வறண்ட நாட்டில் எவ்வளவு இறுக்கி மூடினாலும் தூசி உள்ளே வந்துவிடும். டிரெய்லர் தரை முழுக்க மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. பெட்டிக்கு இடது பக்கம் மட்டும்... ஒரு இடத்தில் தூசி இல்லை. ஒரு ஆள் கால் மடக்கி உட்கார்ந்தால் எவ்வளவு இடமோ, அவ்வளவு இடம்.

பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"ஒருத்தர்தான் ஐயா. என் தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். தொப்பியைப் போடவில்லை.

"சரி தங்கச்சி. பார்த்துப் போங்க."

குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவைப் பூட்டினேன். அந்த நேரத்தில் பயப்படக்கூட எனக்கு உள்ளே ஆள் இல்லை. அப்படித்தான் சொல்ல முடியும்.

மாமா விழித்துக்கொண்டார். கிராஃப் ரைனட்டைத் தாண்டும்போது பழையபடி ஆரம்பித்தார்.

"வாண்டிலே, ஊரை விட்டு வெளிய வந்தாச்சு. இனிமே..."

நிறுத்திவிட்டார். தலையைப் பின்பக்கம் திருப்பிக் கேட்டார்.

"அது என்ன சத்தம்?"

நானும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும், டிரெய்லரின் முன்பலகையில் ஒரு சத்தம். டக். ஒரே ஒரு முறை. முன்னால் சாயும் ஆள் கையை ஊன்றிக்கொள்வது போல.

"பட்டையா?"

"பட்டை இறுக்கமா இருக்கு மாமா."



கிரடாக்குக்கு முன்னால் ஒரு மலை வருகிறது. ஏறும்போது இரண்டாவது கியரில் நகர்ந்தோம். இன்ஜின் சூடு முள் மேலே போனது. உச்சிக்கு வந்தபோது மணி மூன்று இருக்கும். மேகம் இறங்கியிருந்தது. பகல்தான். ஆனால் முன்னால் இருபதடி மட்டும் தெரிந்தது.

இறக்கம் ஆரம்பித்தது.

டிரெய்லர் இழுப்பவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான் உண்டு. இறக்கத்தில் அது ஆட ஆரம்பிப்பது. ஆடினால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் அது வண்டியை முந்தி வரும். இரண்டும் மடங்கிப் பள்ளத்துக்குப் போகும்.

இரண்டாவது வளைவில் ஆட ஆரம்பித்தது.

இடது. வலது. இடது.

பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் முனை தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது, முன்பைவிட அதிகமாக.

"பூமேசா..."

"பேசாதீங்க மாமா."

காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டேன். ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டேன். வண்டியின் பின்பகுதி தூக்கிப் போட்டது.

டக். டக். டக்.

இப்போது ஒரு முறை இல்லை. விடாமல். பலகையை யாரோ இரண்டு கையாலும் தட்டுவது போல.

"பாலத்துல என்னன்னு கூப்பிட்ட?" மாமா கேட்டார்.

"வா... வீட்டுக்குப் போறோம்னு."

"பேர்?"

"வரல மாமா. பேர் வரல."

அவர் என்னைத் திட்டவில்லை. சீட்டில் திரும்பி, பின்கண்ணாடியைப் பார்த்தபடி, கட்டிய தொண்டையோடு பேசினார். என் தம்பியிடம் பேசிய குரல் இல்லை அது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரிடமோ பேசுவது போல இருந்தது.

"யாருன்னு தெரியல. கூப்பிட்டது உன்னை இல்ல. இருந்தாலும் ஏறிட்ட. இது இறக்கம். நீ பயந்து ஆடினா எல்லாரும் சேர்ந்து போயிடுவோம். அவன் பக்கத்துல உக்காரு. அசையாத. கீழ போனதும் சொல்றேன்."

தட்டுவது நின்றது.

இடது. வலது...

நேராகிவிட்டது.

மேகத்துக்கு வெளியே வந்தோம். கீழே சமவெளி, மாலை வெயில். மாமாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"கீழ வந்துட்டோம்," என்று பின்பக்கம் பார்த்துச் சொன்னார். சொன்னதைக் காப்பாற்றுகிற மாதிரி.

கொஞ்ச தூரம் போனபின் கேட்டேன். "திரும்பிப் போய் விட்டுட்டு வரலாமா மாமா?"

"நாளைக்குக் காலையில அடக்கம். உங்க அம்மா வாசலைப் பார்த்துட்டு இருக்கா."

"அப்ப வழியில..."

"வழியில எங்க இறக்கி விடுவ? யார் பெத்த பிள்ளையோ." பிறகு சொன்னார்: "உங்க அம்மாகிட்ட மூச்சு விடாத."

அதன் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். "வாண்டிலே, கூட வர்ற அம்மா, திரும்பறோம்." பெண் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? நான் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு வீடு சேர்ந்தோம். ஆண்கள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் பெட்டியின் பின்னால் போய்விட்டார்கள். மாமா மட்டும் திறந்த டிரெய்லருக்கு முன்னால் நின்றார். காலியாக இருந்தது அது.

"நீயும் இறங்கு," என்றார்.

டயர் மெல்ல உயர்ந்தது. நான் பார்த்தேன். காற்று அடித்தால் உயருமே, அப்படி.

உள்ளே தரையில் போட்ட மெத்தையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் சாப்பிடவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சித்தி சொன்னாள். நான் அருகில் போய் உட்கார்ந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து வாயைத் திறந்தாள்.

"கதவுப் பக்கத்துல இருக்கற பொண்ணுக்குச் சாப்பாடு குடுங்க. தூரத்துல இருந்து வந்திருக்கா."

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். யாரும் இல்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாசலில் நின்ற மாமா போய், ஒரு தட்டில் சோளமும் பயறும் கறியும் போட்டுக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்தார்.

மறுநாள் என் தம்பியை அடக்கம் செய்தோம். மண் போட்டேன். மண்ணின் ஈரம் கையில் தெரிந்தது. அவ்வளவுதான்.

நான் வேலைக்குத் திரும்பினேன். அதே சாலையில் பிரிட்ஜ், கட்டில், பீரோ. அந்தப் பாலம் வரும்போது உதட்டைக் கடித்துக்கொள்வேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு போன்.

"சாமான் இழுக்கற பூமேசாவா?"

"ஆமாம்மா. எங்க இருந்து எங்க?"

"சாமான் இல்லம்மா." வயதான குரல். "என் பேர் நோவேத்து. லுசிகிசிகி பக்கம். உன் நம்பரை அபர்டீன் பங்குல ஒரு பெரியவர் குடுத்தார். உன் டிரெய்லர்ல எழுதியிருந்துச்சாம்."

அவள் மகள் பெயர் லிண்டெல்வா. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பாலத்தில் ஒரு மினி பஸ் கவிழ்ந்தது. உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஆனால் அந்த இடத்துக்குப் போய்க் கூப்பிட்டு அழைத்துவர யாரும் போகவில்லை. போக முடியவில்லை. சமீபத்தில்தான் போயிருக்கிறார்கள். அவளும் கணவரும் பாலத்தின் மேல் நின்று நாள் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டதாம். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. திரும்பும் வழியில் பங்கில் அழுதுகொண்டு நின்றபோது அந்தப் பெரியவர் வந்து பேசியிருக்கிறார்.

"உன்கூட வந்தாளாம்மா?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. "வந்தாங்கம்மா," என்றேன்.

மகளை அழைத்துப் போக எங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றாள். நானும் ஊருக்குப் போனேன். அம்மா நன்றாகத் தேறியிருந்தாள். முகத்தில் சதை பிடித்திருந்தது. அடுப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சீக்கிரம் தேறுவாள் என்று யாரும் நினைக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். தாய் வயதில் இருப்பவளை எங்களில் மாம் என்று சேர்த்துத்தான் கூப்பிடுவோம். கணவர் கையில் முள்மரக் கிளை ஒன்று இருந்தது; கூப்பிட்டு வந்தவரை அதில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். மாம் நோவேத்து எங்கள் முற்றத்தில் நின்று, ஊர்க்காரர்கள் பார்ப்பதையெல்லாம் பொருட்படுத்தாமல், கூப்பிட்டாள்.

"லிண்டெல்வா. அம்மா வந்திருக்கேன். லிண்டெல்வா, வா, வீட்டுக்குப் போகலாம்."

காற்று இல்லை. கதவு மட்டும் திறந்தது.

அவர்கள் கிளையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி கண்ணுக்கு மறையும்வரை அவள் பேசிக்கொண்டே போனது தெரிந்தது. மாமா நீண்ட மூச்சு விட்டார். எனக்குள்ளும் ஏதோ இளகியது. அன்று மாலை நான் கல்லறைக்குப் போய் என் தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். வந்தது.

இத்தோடு முடிந்திருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து, நான் இன்னும் ஊரில் இருக்கும்போதே, மாம் நோவேத்து மறுபடி போன் செய்தாள். காலை நேரம். நல்ல வெயில்.

"வீடு வந்து சேர்ந்துட்டா பூமேசா. ஆனா தூங்க விடமாட்டேங்கறா. கனவுல வந்து அழறா. பிள்ளை எங்க, பிள்ளை எங்கன்னு கேக்கறா."

"எந்தப் பிள்ளைம்மா?"

"உனக்குச் சொல்லலையா நான்? கைக்குழந்தை. அவளோட போயிடுச்சு. அம்மாகூடவே வந்துடும்னு நெனச்சுட்டோம். நாங்க அவளை மட்டும்தானே கூப்பிட்டோம்."

"பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா."



"பேர் வைக்கலையே. முன்னோருக்குக் காட்டி, பேர் வைக்கத்தான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டு இருந்தா."

போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்தேன்.

அம்மா வட்ட வீட்டுக்குப் பின்னால் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். முதுகில் ஒரு போர்வை. பிள்ளையைச் சுமக்கும்போது கட்டுவது போல மார்பில் இறுக்கி முடிந்திருந்தாள். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள்.

போர்வைக்குள் ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஆனால் துணி தொங்கவில்லை. முடிச்சு அவள் மார்பில் அழுந்தி இறங்கியிருந்தது.

"அம்மா..."

அவள் திரும்பினாள். தம்பி இறந்த பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாப் பேசு. இப்பதான் தூங்குச்சு."

போனில் மாம் நோவேத்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பூமேசா, இருக்கியா? பிள்ளை அங்க இருக்காம்மா?"

அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இங்க இல்லம்மா," என்றேன். "பாலத்துலதான் இருக்கும்."